மேல்தட்டுச் சரக்கு

ஜனவரி 17, சனி

பொங்கல் முடிந்து இன்றுதான் கடை திறந்தேன். திறந்த கையோடு கணக்கரைக் கல்லாவில் உட்கார வைத்துவிட்டுப் பழைய துறைமுகத்துக்குப் போனேன். மச்சாதுவின் தோணி 'மரிய கிரேஸ்' மாலேக்குப் புறப்படத் தயாராகிறது. அதன் உள்ளறை முழுவதும் என் பல்லாரி வெங்காயத்துக்கு என்று பேசி முன்பணம் கொடுத்துவிட்டேன். உள்ளறை என்றால் தோணியின் வயிறு. மழை, அலை எதுவும் படாது. ஏற்றிவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம்.

மாலத்தீவில் அடுத்த மாதம் நோன்பு பிறக்கிறது. மாலேயில் மொத்தக் கடை வைத்திருக்கும் யூசுப் திதி போனில் கறாராகச் சொன்னார். நோன்புக்கு முன்னால் யாருடைய சரக்கு நல்லபடியாக வந்து இறங்குகிறதோ, வருஷம் முழுவதும் ஆர்டர் அவர்களுக்கே. இதே வார்த்தையை இன்னொருத்தியிடமும் சொல்லியிருக்கிறார். அதையும் என்னிடம் மறைக்கவில்லை. வியாபாரி.

அந்த இன்னொருத்தி ராஜகனி. என் மருமகள். மகன் தவறி மூன்று வருஷம் ஆகிறது. அதன் பிறகு என் கடையில் எனக்கு அடுத்த நாற்காலியில் இருந்தவள், போன ஐப்பசியில் இரண்டு தெரு தள்ளித் தனிக்கடை போட்டாள். சண்டை ஒன்றும் இல்லை. ஒரு கடையில் இரண்டு முதலாளி இருக்க முடியாது, அவ்வளவுதான்.

சாயங்காலம் அவளும் மச்சாதுவைப் பார்க்கப் போனாளாம். வெயிலும் அலையும் படுகிற மேல்தட்டு மட்டும்தான் மிச்சம் என்று சொல்லியிருக்கிறார். எடுத்துக்கொண்டாளாம்.

முந்தினவளுக்கு உள்ளறை. இதில் வருத்தப்பட என்ன இருக்கிறது.

ஜனவரி 20, செவ்வாய்

சாத்தான்குளம் பக்கம் பூசணியை வயலோடு பேசி முடித்துவிட்டாள் என்று தரகர் சொன்னார். கழுத்தில் கையில் கிடந்ததெல்லாம் அடகுக்குப் போய்விட்டதாம். தோணியின் ஒரே நடையில் எல்லாவற்றையும் வைக்கிறாள். நான் அப்படிச் செய்யமாட்டேன். முப்பது வயதில் செய்திருக்கிறேன். அது வேறு.

திருப்பூரில் அவள் அண்ணன் பனியன் கம்பெனியில் மேனேஜர். கணக்கு எழுத வா, அங்கே ஒரு வீடும் பார்த்துத் தருகிறேன் என்று மாதாமாதம் கூப்பிடுகிறானாம். இந்த நடை தவறினால் போய்விடுவாள். போகட்டும். படித்த பெண், எங்கே போனாலும் பிழைப்பாள்.

ஜனவரி 27, செவ்வாய்

லாசல்கான் மண்டியிலிருந்து வெங்காய லாரி வந்தது. நான்கு சாக்கைப் பிரித்துக் கொட்டிப் பார்த்தேன். கழுத்து நன்றாகக் காய்ந்த வெங்காயம். தரகர் இந்தத் தடவை பொய் சொல்லவில்லை.

கண்டெய்னரில் அனுப்புகிற பெரிய ஆட்கள் எஃப்.ஓ.பி. என்பார்கள். சரக்கு கப்பலில் ஏறும்வரைதான் விற்றவன் பொறுப்பு, ஏறிய பிறகு மூழ்கினாலும் வாங்கினவன் தலையில். கேட்க நன்றாக இருக்கிறது. தோணிச் சரக்குக்கு யூசுப் திதியிடம் அதெல்லாம் நடக்காது. மாலேயில் இறங்கினால்தான் காசு. இன்ஷூரன்ஸ்காரனைக் கேட்டால் மரத்தோணி என்றதும் விலை ஏற்றுவான். மேல்தட்டு என்றால் போனையே வைத்துவிடுவான்.

பிப்ரவரி 2, திங்கள்

நேற்றும் இன்றும் சரக்கேற்றம். முதலில் என் வெங்காயம் உள்ளறைக்கு இறங்கியது. பிறகு மூடி போட்டு, அதன் மேல் அவள் பூசணி. குவியல் தண்டலின் இடுப்புக்கு மேலே நின்றது. தண்டல் என்றால் தோணியை ஓட்டுகிறவர். ரெமிஜியுஸ் தண்டல் நல்ல ஆள், வாய்தான் கொஞ்சம் நீளம். "கீழ மாமியா, மேல மருமவ. தோணி கவுறாம இருந்தாச் சரி" என்று லோடுமேன்களிடம் சொல்லிச் சிரித்தார். காதில் விழாத மாதிரி நின்றேன்.

ராஜகனி வெயிலில் நின்று ஒவ்வொரு காயாகத் தட்டிப் பார்த்து ஏற்றினாள். காம்பு ஒடிந்ததைத் திருப்பி அனுப்பினாள். காம்பு ஒடிந்தால் அங்கிருந்துதான் அழுகும் என்று யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

சரக்குச் சீட்டில் அவளுடையதில் மட்டும் 'மேல்தட்டு, சரக்குக்காரர் பொறுப்பு' என்று சிவப்பு முத்திரை குத்தினார்கள். படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டாள்.

கட்டுகிற தார்ப்பாய் பத்தவில்லை. கடையில் இரண்டு தார்ப்பாய் சும்மா கிடந்தது. எலி கடிக்கிறது என்று தோணிக்குக் கொடுத்தனுப்பினேன்.

பிப்ரவரி 3, செவ்வாய்

மத்தியானம் தோணி புறப்பட்டது. கடல் தண்ணீர்த் தொட்டி மாதிரி கிடந்தது.

பிப்ரவரி 4, புதன்

கடை அடைப்பு.

பிப்ரவரி 5, வியாழன்

நேற்று சாயங்காலம் வீட்டுக் கதவில் ஒரு தூக்குச்சட்டி மாட்டியிருந்தது. உள்ளே சீயம். மகனுக்குப் பிடித்த பலகாரம், நேற்று அவன் நினைவு நாள். யார் வைத்தது என்று கேட்க வேண்டியதில்லை. தேங்காய் அதிகம், ஏலக்காய் குறைவு. சட்டியைக் கழுவி இன்று கணக்கரிடம் கொடுத்தனுப்பினேன். வெறுஞ்சட்டி அனுப்பக் கூடாது என்று கொஞ்சம் சீனி போட்டேன்.

குமரிக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்று டி.வி.யில் சொல்கிறார்கள். தை மாசத்தில் என்ன காற்று.

பிப்ரவரி 6, வெள்ளி

ரேடியோவில் தோணி பதில் சொல்லவில்லை என்றார் மச்சாது. பாட்டரி போயிருக்கும் என்றார். அவர் முகத்தைப் பார்த்தால் பாட்டரி போன முகமாக இல்லை.

துறைமுகத்துக்குப் போனேன். ராஜகனி அங்கே ஏற்கெனவே நின்றாள். இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் அவளுமாக நின்றோம். டீக்காரன் இரண்டு டீயையும் என்னிடமே கொடுத்துவிட்டான். ஒன்றை அவளிடம் கொடுத்தேன். குடித்தாள்.

பிப்ரவரி 7, சனி

ஒன்றும் தெரியவில்லை. கடையில் தக்காளி நாற்பது பெட்டி வீணாய்ப் போனது. என் கவனக்குறைவு.

பிப்ரவரி 8, ஞாயிறு

தோணி மாலே போய்ச் சேர்ந்துவிட்டது. தோணியில் போன ஏழு பேரும் உயிரோடு இருக்கிறார்கள். முதலில் அதைத்தான் கேட்டேன். எழுதி வைக்கிறேன், பிறகு யாரும் வேறு மாதிரி சொல்லக் கூடாது.

வெங்காயத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. மூடியை இறுக்கிப் பூட்டியதால் உள்ளே சூடேறிக் கொஞ்சம் வியர்த்திருக்கிறது. பூசணி ஒன்றுகூட இல்லை. வெள்ளிக்கிழமை விடியற்காலை தோணி ஒருபக்கமாகச் சாய்ந்து நிமிராமல் கிடந்ததாம். பாரம் குறைக்காவிட்டால் எல்லோரும் போயிருப்போம் என்று தண்டல் சொன்னாராம். கயிறுகளை வெட்டி மேல்தட்டு முழுவதையும் கடலில் தள்ளிவிட்டார்கள்.

மச்சாது போனை வைத்ததும், இதை அவளிடம் யார் சொல்வது என்று கேட்டேன். நீங்கள் சொல்லுங்கள் என்றார். மாட்டேன் என்றேன். அவரே சொன்னார்.

பிப்ரவரி 9, திங்கள்

யூசுப் திதி கூப்பிட்டார். வெங்காயம் திருப்தியாம். வருஷ ஆர்டர் எனக்கு. எதிர்பார்த்ததுதான். பூசணிக்கு என்ன செய்யலாம், நீங்களே அனுப்புகிறீர்களா என்று கேட்டார். இந்த வருஷம் பூசணி கொஞ்சம் தாமதமாகும், வேறு யாரிடமும் பேசிவிட வேண்டாம் என்றேன். சும்மா ஒரு வாய்ப்பை எதற்கு விடுவது.

பிப்ரவரி 11, புதன்

ராஜகனி நட்டத்தில் பங்கு கேட்டு, தோணிக்காரர்களும் வியாபாரிகளும் சேர்ந்த சங்கத்தில் மனுக் கொடுத்திருக்கிறாள். சங்கத்து வக்கீல் எங்கள் கடைக்கு முன்பு வழக்கு நடத்தின மனுஷர், விவரம் தெரிந்தவர். அவரைப் போய்ப் பார்த்தேன். என் தலையில் என்ன விழும் என்று எனக்குத் தெரிய வேண்டுமே.

கடலில் ஒரு பழைய நியாயம் இருக்கிறதாம். கப்பலையும் மற்றவர்கள் சரக்கையும் காப்பாற்றுவதற்காக ஒருவர் சரக்கை வேண்டுமென்றே கடலில் போட்டால், அந்த நட்டம் அவர் ஒருவருடையது அல்ல. தப்பிய சரக்குக்காரர்களும் கப்பல்காரரும் அவரவர் சொத்து மதிப்புக்குத் தக்கபடி பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். ஜெனரல் ஆவரேஜ் என்று பெயர். ஊருக்கு ஊர் சட்டம் வேறாக இருந்தாலும் கடலில் இது எங்கும் ஒன்றுதானாம்.

நல்ல நியாயம்தான், பங்கு கொடுப்பவள் நானாக இல்லாத வரைக்கும்.

ஆனால் ஒரு விலக்கு உண்டு. மேல்தட்டுச் சரக்குக்கு இந்தப் பங்கு கிடையாது. அங்கே ஏற்றியதே ஆபத்துக்குத் துணிந்துதான் என்று அர்த்தம். அந்த விலக்குக்கும் ஒரு விலக்கு. குறிப்பிட்ட சரக்கை மேல்தட்டில் ஏற்றுவதுதான் அந்தத் தொழிலின் வழக்கம் என்றால் பங்கு உண்டு. அப்படி நிரூபித்தால் சிவப்பு முத்திரையும் செல்லாது என்று சங்கத்தில் முன்பே முடிவெடுத்திருக்கிறார்களாம்.

ஆக, பூசணியை மேல்தட்டில் ஏற்றுவது இந்தத் துறைமுகத்து வழக்கமா இல்லையா என்பதுதான் கேள்வி. அவள் தனிக்கடை போட்டு நான்கு மாதம். அவளால் வழக்கத்துக்குச் சாட்சி சொல்ல முடியாது.

பிப்ரவரி 12, வியாழன்

மச்சாது வீட்டுக்கே வந்தார். நான் இத்தனை வருஷம் பார்த்து அவர் என் வீட்டுப் படி ஏறியது இரண்டாவது தடவை. முதல் தடவை துக்கத்துக்கு.

சுற்றி வளைக்கவில்லை. பங்கு என்று வந்தால் தோணியின் மதிப்புக்கு அவரும் கொடுக்க வேண்டும், என் வெங்காயத்துக்கு நானும் கொடுக்க வேண்டும். பூசணி மேல்தட்டில் போனது கூலி மலிவு என்பதற்காக என்று அவர் சொல்லப் போகிறார், வழக்கத்தைப் பற்றிப் பேச்சே எடுக்கப் போவதில்லை. சங்கத்தில் பூசணி அனுப்பிப் பழக்கம் உள்ள பழைய ஆள் நான் ஒருத்திதான். நான் வாயைத் திறக்க வேண்டாம், அது போதும் என்றார். அதற்குப் பதிலாக இந்த சீசன் முடியும்வரை உள்ளறை எனக்குத்தான்.

நல்ல பேரம். அவர் இடத்தில் நான் இருந்தாலும் இதைத்தான் பேசியிருப்பேன். யோசித்துச் சொல்கிறேன் என்று காபி கொடுத்து அனுப்பினேன்.

பிப்ரவரி 16, திங்கள்

தோணி திரும்பி வந்தது. ரெமிஜியுஸ் தண்டலுக்கு முழங்கையில் கட்டு. வெங்காயத்தை எடுத்துப் போட்டிருக்கலாமே என்று கேட்டேன். வேண்டுமென்றே கேட்டேன், கணக்கு சரியாகத் தெரிய வேண்டும். அந்த அலையில் உள்ளறை மூடியைத் திறந்தால் கடல் உள்ளே வந்து உட்கார்ந்துவிடும் என்றார். மேலே இருந்ததால்தான் தள்ள முடிந்தது. பூசணி மேலே இல்லாமல் இருந்திருந்தால் தள்ளுவதற்கே ஒன்றும் இருந்திருக்காது.

பிறகு பீடியைப் பற்றவைத்தார்.

"ஒண்ணு சொல்லட்டாக்கா. அந்தப் பூசணி முங்கல. மெதந்துச்சு. வெளுத்த பொறவு பாக்கேன், தோணியச் சுத்தி மஞ்ச மஞ்சயா எங்க கூடயே வருது. ரொம்ப நேரம் வந்துச்சு."

கடைக்கு வந்து ரேட் போர்டு எழுதினேன். இரண்டு தடவை தப்பாக எழுதி அழித்தேன். சாக்பீஸ் சரியில்லை.

பிப்ரவரி 17, செவ்வாய்

ராஜகனி கடைத் தராசை விலைக்குக் கேட்டு ஆள் வந்து போனானாம். திருப்பூர் அண்ணன் ஞாயிற்றுக்கிழமை வருகிறானாம்.

என் கணக்கு இது. மேல்தட்டுச் சரக்கு போனால் போனதுதான் என்று ஒருதடவை தீர்ப்பாகிவிட்டால், நாளைக்கு எவன் மேல்தட்டில் சரக்கு ஏற்றுவான்? மேல்தட்டு காலியாகப் போனால் மச்சாது மொத்தக் கூலியையும் உள்ளறைச் சரக்கின் மேல் வைப்பார். உள்ளறைச் சரக்கு யாருடையது? என்னுடையது. ஒரு நடைக்கு லாபம், ஒவ்வொரு நடைக்கும் நட்டம். இதில் சொந்தம் பந்தம் எதுவும் இல்லை. யார் போட்டுப் பார்த்தாலும் இந்தக் கணக்கு இப்படித்தான் வரும்.

பிப்ரவரி 19, வியாழன்

சங்கத்தில் கூட்டம். மின்விசிறி சத்தத்தில் பாதி கேட்கவில்லை. மச்சாது சொன்னபடியே சொன்னார். சீட்டில் சிவப்பு முத்திரை, மலிவுக் கூலி, படித்துப் பார்த்துப் போட்ட கையெழுத்து. வக்கீல் ராஜகனியைப் பார்த்து, வழக்கம் என்பதற்கு யாராவது சாட்சி உண்டா என்று கேட்டார். இல்லை என்றாள். என் பக்கம் திரும்பவே இல்லை. எதையும் கெஞ்சிக் கேட்கிற பெண் இல்லை அவள்.

நான் எழுந்தேன்.

"பூசணிய மேல்தட்டுல ஏத்துறது வழக்கமான்னுதான கேக்கிய? வழக்கம்தான். அத ஆரம்பிச்சவளே நாந்தான்."

மச்சாது தரையைப் பார்த்தார். நான் நிறுத்தவில்லை. நான் முதன்முதலில் மாலேக்குச் சரக்கு அனுப்ப வந்தபோது உள்ளறையை ஒரு பொம்பளைக்குக் கொடுக்க எந்தத் தோணிக்காரரும் தயாராக இல்லை. மச்சாதுவின் அப்பாதான், வேண்டுமானால் மேலே போட்டுக்கொள் என்றார். மேலே வெயிலும் உப்புத் தண்ணீரும் பட்டால் எந்தக் காய் தாங்கும் என்று பார்த்துப் பார்த்துப் பூசணியைப் பிடித்தேன். அது காற்றாட இருந்தால்தான் நிற்கும், உள்ளறையில் போட்டால் புழுங்கி மூன்றாம் நாள் ஒழுகும். என்னைப் பார்த்து மற்றவர்களும் பூசணி என்றால் மேலே என்று ஏற்ற ஆரம்பித்தார்கள். இன்றைக்கு வரைக்கும் இந்தத் துறைமுகத்தில் பூசணியை உள்ளறையில் ஏற்றின ஒரு ஆளைக் காட்டுங்கள் என்றேன். ஒருவரும் காட்டவில்லை.

"மொத நடைக்கு மச்சாது மொதலாளிதான் கயிறு கட்டிக் குடுத்தாக. அன்னைக்கு அவுகளுக்கு மீச மொளைக்கல. கேட்டுப் பாருங்க."

கூட்டத்தில் சிரித்தார்கள். மச்சாதுவை வக்கீல் பார்த்தார். மச்சாது பொய் சொல்கிற ஆள் இல்லை, வாயைத் திறக்காமல் இருக்கத் தெரிந்த ஆள், அவ்வளவுதான். நேராகக் கேட்டதும் ஆமாம் என்று தலையை ஆட்டிவிட்டார்.

பங்கு உண்டு என்று முடிவானது. எனக்கு இந்த நடையில் லாபம் என்று ஒன்றும் நிற்காது. கைக்காசும் கொஞ்சம் போகும். வாசலில் மச்சாது, "நல்லாருக்கு தங்கபுஷ்பக்கா" என்றார். உள்ளறைப் பேச்சு இனி இல்லை என்பது அந்தக் குரலிலேயே தெரிந்தது.

பிப்ரவரி 20, வெள்ளி

ராஜகனி கடைக்கு வந்தாள். ஐப்பசிக்குப் பிறகு இப்போதுதான் வாசல் மிதிக்கிறாள். கும்பிடு போடுவாள், கண்ணீர் விடுவாள் என்று கணக்கர் எழுந்து நின்று வேடிக்கை பார்த்தார். அவள் வந்து நின்று கேட்டது இதுதான்.

"எதுக்கு அத்தை சொன்னிய? நான் ஒங்கள்ட்ட கேக்கலையே."

"ஒனக்காவச் சொல்லலட்டி. நாளைக்கு நானும் மேல ஏத்த வேண்டிவரும்."

அவள் தன் பழைய நாற்காலியைப் பார்த்தாள், அதில் வெங்காயச் சாக்குச் சணல் கட்டுகள் ஏறிக் கிடந்தன. அதை எடுத்துக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தாள். யூசுப் திதி பூசணிக்கு இன்னும் யாரிடமும் பேசி முடிக்கவில்லையாமே, அது ஏன் என்று கேட்டாள். எனக்கென்ன தெரியும் என்றேன். டீ வந்தது. குடித்துவிட்டுப் போனாள்.

தராசு விற்கவில்லையாம். இதைக் கணக்கர் சொன்னார், நான் கேட்கவில்லை.

பிப்ரவரி 22, ஞாயிறு

திருப்பூர் அண்ணன் வந்து போய்விட்டானாம். தனியாக.

மார்ச் 2, திங்கள்

மச்சாதுவின் தோணிக்கு அடுத்த நடை. காலையில் உள்ளறை கேட்கப் போனேன். மச்சாது மேசையில் எதையோ தேடுகிற மாதிரி தலையைக் குனிந்துகொண்டார். சிரிப்பை அடக்குகிறார் என்று பிறகுதான் தெரிந்தது. உள்ளறை முழுவதும் போய்விட்டதாம். முந்தாநாளே ராஜகனி வந்து முன்பணம் கட்டிவிட்டாளாம். அவளுக்கு மாலேயில் இன்னொரு கடை கிடைத்திருக்கிறது, அதற்கு உருளைக்கிழங்கு. மேல்தட்டில் பாதி அவளுடைய பூசணி. எனக்கு மிச்சம் மேல்தட்டின் மற்றப் பாதி.

ரெமிஜியுஸ் தண்டல் அங்கேதான் நின்றார். அவரால் சும்மா இருக்க முடியுமா. "இந்த நடைக்கு மாமியா மேலயா?" என்றார்.

பல்லாரியை மேல்தட்டில் இதுவரை யாரும் ஏற்றியதில்லை. போனால் பங்கு கிடைக்காது, வழக்கம் எங்கே என்று வக்கீல் கேட்பார். கேட்கட்டும். பூசணிக்கும் ஒருகாலத்தில் வழக்கம் இல்லை. பலகை அடித்து அடியில் காற்றுப் போக வழி விட்டால் நான்கு நாளைக்குத் தாங்கும். மூன்று நடை நல்லபடியாகப் போனால் மற்றவர்களும் ஏற்றுவார்கள். முன்பணம் கொடுத்துவிட்டு வந்தேன்.

சாயங்காலம் அவள் கடை ஆள் இரண்டு தார்ப்பாய் கொண்டுவந்து போட்டான். கம்பெனி மடிப்புகூடக் கலையாத புதுத் தார்ப்பாய், விலைச்சீட்டை மட்டும் கிழித்திருந்தது. எதற்கு என்றேன்.

"அக்கா குடுக்கச் சொன்னாக. கடையில கெடந்து எலி கடிக்குதாம்."

நீளம் அளந்து பார்த்தேன். சரியாக இருக்கிறது. நாளைக்குக் கயிறு வாங்க வேண்டும்.